ஃபங்ஷனல் கோடு படிக்கும்போது மண்டை காய்கிறதா? அறிகுறியைப் பார்த்து வழி பிடியுங்கள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊரில், சனிக்கிழமை சாயங்காலமானால் என் கடை அஞ்சடியில் (முன்பக்க நடைபாதையில்) நாலைந்து பிள்ளைகள் லேப்டாப்போடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஷா ஆலம், கிள்ளான் பக்கம் வேலை பார்க்கிறவர்கள். யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன ஹாஸ்கெல் கோடோ எலிக்ஸிர் கோடோ தலையில் விழுந்திருக்கும். கோடு என்றால் புரோகிராம் வரிகள்; இரண்டுமே ஃபங்ஷனல் மொழிகள், அதாவது சின்னச் சின்ன ஃபங்ஷன்களைக் கோர்த்தே வேலையை எழுதுகிற மொழிகள். ஆரம்பம் எப்போதும் ஒன்றுதான்: "அண்ணே, ஒண்ணுமே புரியலண்ணே."

ஒன்றுமே புரியவில்லை என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை. டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று சொல்வதைப் போலத்தான் அது. எங்கே வலிக்கிறது? குறியா, திசையா, பெயரா, லூப்பைக் காணவில்லையா? அதைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அதனால் வலிக்கிற இடத்தை வைத்தே பிரித்திருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். காசில்லாத சோதனை முதலில், நேரத்தைத் தின்கிறது கடைசியில்.

## அறிகுறி: வரி முழுக்கக் குறிகள், சொல் ஒன்றிரண்டுதான் தெரிகிறது

முதல் சந்தேகம் டாலர் குறிமேல். ஹாஸ்கெல்லில் $ என்பது மந்திரம் இல்லை, சோம்பேறியின் அடைப்புக்குறி. அது இருக்கிற இடத்தில் அடைப்பைத் திறந்து, அந்தக் கோவையின் கடைசியில் மூடிவிடுங்கள், பொருள் மாறாது. ஒரு நகல் எடுத்து எல்லா $ஐயும் அப்படி மாற்றிப் பாருங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே காய்ச்சல் இறங்கிவிடுகிறது.

இறங்கவில்லையா? அடுத்தது, அடிக்கடி வருகிற நாலைந்து குறிகள். <> வந்தால் இரண்டை ஒட்டுகிறார்கள். <$> வந்தால் அது மேப் (உள்ளே இருக்கிற ஒவ்வொன்றின்மேலும் ஒரே ஃபங்ஷனை ஓட்டுவது) தான், நடுவில் உட்காருவதற்காக வேஷம் போட்டிருக்கிறது. >>= வந்தால் இடப்பக்கம் கிடைத்ததை வலப்பக்கத்து ஃபங்ஷனிடம் கொடுக்கிறார்கள். <*> வந்தால் இடப்பக்கம் ஃபங்ஷன், வலப்பக்கம் அதற்கு அடுத்த உள்ளீடு, இரண்டும் ஏதோ ஒரு உறைக்குள் இருக்கின்றன. இந்த அளவு போதும், இதற்குமேல் இப்போது தோண்டாதீர்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத குறி என்றால் கூகிளில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அது குறிகளைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். ஹாஸ்கெல் என்றால் ஹூகிள் என்றொரு தேடல் இருக்கிறது, குறியை அப்படியே போட்டால் காட்டும், பெயர் தெரியாவிட்டால் டைப்பை, அதாவது எந்த வகைச் சரக்கை வாங்கி எதைக் கொடுக்கும் என்பதைப் போட்டும் தேடலாம். இல்லையென்றால் ஹாஸ்கெல்லின் கட்டளைத் திரையான ஜிஎச்சிஐ திறந்து, கோலன் போட்டு ஐ என்று தட்டி, இடம்விட்டுக் குறியைக் கொடுங்கள். அதன் டைப், எந்த மாட்யூலில் இருக்கிறது, எந்தப் பக்கம் முதலில் சேரும் என்பதெல்லாம் வந்து நிற்கும்.

அங்கேயும் இல்லையா? அப்படியென்றால் அது உங்கள் ஆபீஸ்காரரே செய்துவைத்த குறி. புராஜெக்டுக்குள் தேடுங்கள். இப்படிக் குறி கண்டுபிடிக்கிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, அதை இங்கே கொட்டவில்லை.

^. .~ %~ என்று புள்ளியும் அலையுமாக வந்தால் அது லென்ஸ் நூலகம், பெரிய தரவுக்குள் இருக்கிற ஒரு துண்டைக் கையாளுவது. முதலாவது எடு, இரண்டாவது வை, மூன்றாவது மாற்று. இந்த மூன்றை வைத்து அன்றைய வேலையை ஓட்டிவிடலாம். மற்றதை ஒரே ராத்திரியில் கற்க உட்காராதீர்கள், தெரிந்தவரைக் கேளுங்கள்.

## அறிகுறி: ஒவ்வொரு சொல்லும் புரிகிறது, வரியாகச் சேர்ந்தால் புரியவில்லை

இது திசைக் கோளாறு. என் அஞ்சடிக்கு வருகிறவர்களில் அதிகம் பேருக்கு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

இந்த வரியைப் பாருங்கள். ஹாஸ்கெல், எழுத்து மட்டும் தமிழ்:

சம் . மேப் ஸ்கொயர் . ஃபில்டர் ஈவன்

ஒரு தங்கச்சி இதை இடமிருந்து வலமாகத் தமிழில் படித்தாள்: "கூட்டி, வர்க்கமாக்கி, இரட்டையை எடுக்குது." 1 முதல் 4 வரை கொடுத்தால் என்ன வரும் என்றேன். கூட்டினால் 10, வர்க்கம் 100, அது இரட்டைதான், அதனால் 100 என்றாள். ஓட்டிப் பார்த்தோம், 20 வந்தது. "கம்ப்யூட்டர் தப்புண்ணே" என்றாள் சிரித்துக்கொண்டே.

தப்பு கம்ப்யூட்டரில் இல்லை, அவள் படித்த மொழியில். இந்த வரியைத் தமிழில் படிக்கக் கூடாது, மலாயில் படிக்க வேண்டும். இடைநிலைப்பள்ளியில் கணக்கு எப்படிப் படித்தோம்? ஹசில் தம்பா, குவாசா டுவா, நொம்போர் கெனாப். கூட்டுத்தொகை, வர்க்கம், இரட்டை எண். அந்த வரிசையேதான் கோடிலும் இருக்கிறது. மலாயில் சொல்லும்போது கெனாப் கடைசியில் வந்தாலும் முதலில் கெனாபைத்தான் பொறுக்குவோம், யாரும் குழம்பியதில்லை. புள்ளி போட்ட ஹாஸ்கெல்லும் அப்படித்தான், கடைசியில் இருப்பது முதலில் நடக்கும். இரட்டைகள் 2, 4. வர்க்கம் 4, 16. கூட்டினால் 20.

இதே வேலையை எலிக்ஸிரில் எழுதினால்:

எண்கள் |> ஃபில்டர் ஈவன் |> மேப் ஸ்கொயர் |> சம்

(அடைப்புகளையும் மாட்யூல் பெயர்களையும் விட்டிருக்கிறேன். நடுவில் வருகிற அந்தக் குறிக்குப் பெயர் குழாய்.) இது அச்சுத் தமிழ். எண்களை எடுத்து, இரட்டையை மட்டும் வைத்து, வர்க்கமாக்கி, கூட்டு. வினையெச்சம் வினையெச்சமாகப் போய்க் கடைசியில் வினைமுற்று. செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (வேலையாட்களின் மேற்பார்வையாளர்) காலையில் சொல்வதும் இதே அமைப்புதான்: குலையை வெட்டி, காம்பைக் கழித்து, ரோட்டோரம் அடுக்கி வை.

ஆக, புள்ளி கண்டால் மலாய், குழாய் கண்டால் தமிழ். இதைச் சொன்ன பிறகு அந்தத் தங்கச்சி என்னிடம் திசை பற்றிக் கேட்டதே இல்லை.

இன்னும் குழம்புகிறதா? மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, புள்ளியும் டாலரும் ஒரே வரியில். பெரும்பாலும் கடைசி $க்கு வலப்பக்கம் இருப்பது சரக்கு (உள்ளே போகிற தரவு), இடப்பக்கம் இருப்பது வேலை. சரக்கிலிருந்து ஆரம்பித்து இடப்பக்கம் நகருங்கள்.

இரண்டு, குழாய் சரக்கை எந்த வாசலில் போடுகிறது என்பது. எலிக்ஸிரின் |> முதல் உள்ளீடாகப் போடும். எஃப் ஷார்ப்பின் |> கடைசி உள்ளீடாகப் போடும். க்ளோஜரில் -> முதலாவது, ->> கடைசி. இதைக் கவனிக்காமல் "மூணு உள்ளீடு கேக்குது, ரெண்டுதானே கொடுத்திருக்கு" என்று முழிக்கிறவர்கள் நிறைய. ஒன்று குழாய் வழியாக வந்துவிட்டது, தம்பி.

மூன்று, ஒரே குறிக்கு ஊருக்கு ஊர் வேறு பொருள். எஃப் ஷார்ப்பில் >> என்பது இரண்டு ஃபங்ஷனை இடமிருந்து வலமாகக் கோர்ப்பது. ஹாஸ்கெல்லில் >> என்பது முதல் வேலையைச் செய், அதன் விடையை விட்டுத்தள்ளு, அடுத்ததைச் செய். ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்கு வந்தவர் இதில் அடிபடாமல் போனதை நான் பார்த்ததில்லை.

## அறிகுறி: ஃபங்ஷன் இருக்கிறது, அதற்குள் போகிற சரக்கைக் காணோம்

மொத்தம் = சம் . மேப் எடை

இதில் லோரிகளின் லிஸ்ட் எங்கே? எங்கேயும் இல்லை, எழுதியவர் விட்டுவிட்டார், விடலாம் என்பதால். சோதனை சுலபம், நீங்களே திரும்பப் போடுங்கள். இடப்பக்கம் "மொத்தம் லோரிகள்" என்று எழுதி, வலப்பக்கம் முழுவதையும் அடைப்பில் போட்டுக் கடைசியில் லோரிகள் சேருங்கள். பழகும்வரை இப்படி எழுதிப் படிப்பதில் வெட்கமே வேண்டாம்.

அது சரியாக வரவில்லை என்றால் டைப்பைப் பாருங்கள். ஜிஎச்சிஐயில் கோலன் டி. நாலு உள்ளீடு கேட்கிற ஃபங்ஷனுக்கு இரண்டு கொடுத்திருந்தால் இன்னும் இரண்டு கேட்கிற ஃபங்ஷன் ஒன்று கையில் நிற்கும், ஹாஸ்கெல்லும் ஓகாமலும் அதைப் பிழை என்று சொல்லாது. தப்பு அங்கே நடந்திருக்கும், அலறல் பத்து வரி தள்ளி வரும். அச்சிடப் போகும்போது "ஷோ இன்ஸ்டன்ஸ் இல்லை" என்று அம்புக்குறி போட்ட டைப்போடு செய்தி வந்தால், மேலே போய் எங்கே ஒரு உள்ளீடு குறைகிறது என்று எண்ணுங்கள். எலிக்ஸிரில் இந்த வம்பு இல்லை. அங்கே பெயருக்குப் பின்னால் சாய்கோடு போட்டு எண் இருக்கும், அதுதான் உள்ளீட்டுக் கணக்கு, குறைந்தால் அங்கேயே கத்தும்.

## அறிகுறி: பெயர்களெல்லாம் ஒற்றை எழுத்து, அல்லது இது வேறு ஏதோ என்று தோன்றுகிறது

ஒற்றை எழுத்து சோம்பல் மட்டும் இல்லை, ஒரு வழக்கமும்கூட. எக்ஸ் என்றால் ஒன்று, எக்ஸ்எஸ் என்றால் மிச்சம் இருக்கிற பல. எஃப், ஜி என்றால் ஃபங்ஷன். ஏசிசி என்றால் இதுவரை சேர்ந்தது. கோ என்று ஒரு குட்டி ஃபங்ஷன் உள்ளே ஒளிந்திருந்தால் அதுதான் உண்மையில் வேலை செய்கிறது, வெளியே இருப்பது வாசல் மட்டும். பெயருக்குப் பின்னால் ஒற்றை மேற்கோள் வந்தால் அதன் அடுத்த பதிப்பு. ஹாஸ்கெல்லில் மேப்எம் போன்ற பெயருக்கு வாலில் கீழ்க்கோடு இருந்தால் விடையைத் தூக்கிப்போடுகிறது. முடியவில்லையா, எடிட்டரில் பெயர் மாற்றிப் படியுங்கள், சேமிக்காமல் மூடிவிடுங்கள்.

இன்னொரு வகை, தெரிந்த ஆளே வேறு பெயரில் வருவது. சி ஷார்ப்பின் செலக்ட்தான் மேப், வேர்தான் ஃபில்டர், அக்ரிகேட்தான் ஃபோல்ட் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), எலிக்ஸிரில் அதே ஃபோல்டின் பெயர் ரெடியூஸ். ஸ்காலாவின் ஃப்ளாட்மேப், சி ஷார்ப்பின் செலக்ட்மெனி, ரஸ்ட்டின் அண்ட்தென் எல்லாம் மேலே பார்த்த >>=இன் சொந்தக்காரர்கள். தெலுக் இந்தானைத் தாத்தா தெலுக் ஆன்சன் என்பார், ஊர் ஒன்றுதானே.

## அறிகுறி: லூப் எங்கே?

முதலில் மேப், ஃபில்டர், ஃபோல்ட், ரெடியூஸ் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் லூப் அதற்குள்ளே இருக்கிறது. இல்லையென்றால் ஃபங்ஷன் தன் பெயரையே உள்ளே கூப்பிடுகிறதா பாருங்கள்.

ஃபோல்ட்தான் பிள்ளைகளை அதிகம் படுத்துகிறது. அதைப் படிக்க என்னிடம் ஒரே வழிதான் உண்டு, பேப்பரும் பென்சிலும்.

என் அப்பா பால்மரக் காலத்தில் மண்டோர். எடை போடும்போது அவர் கையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். ஒவ்வொரு ஆளின் பாலும் நிறுத்ததும் அந்த எடையை எழுதி, பக்கத்திலேயே அதுவரைக்குமான கூட்டலையும் எழுதிவிடுவார். கடைசியில் உட்கார்ந்து கூட்டுகிற வேலையே இல்லை, கடைசி வரியின் வலது ஓரம்தான் அன்றைய கணக்கு. ஃபோல்ட் என்பது அந்த நோட்டுதான். அதில் மூன்று விஷயம் இருக்கிறது: வெறும் பக்கத்தில் என்ன எழுதி ஆரம்பித்தார், ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எப்படிப் போனார், எந்த வரிசையில் ஆட்கள் நின்றார்கள். கோடில் இந்த மூன்றையும் வட்டம் போடுங்கள்.

இப்போது செம்பனை. மூன்று லோரி, 8, 6, 7 டன். கோடு லோரி எண்ணிக்கையையும் மொத்த எடையையும் ஜோடியாகச் சேர்க்கிறது, ஆரம்பம் (0, 0). எழுதுங்கள்:

(0, 0)
8 வந்தது: (1, 8)
6 வந்தது: (2, 14)
7 வந்தது: (3, 21)

மூன்று உருப்படிக்குமேல் தேவைப்பட்டதே இல்லை. ஆனால் வெறும் லிஸ்ட்டையும் ஒரு முறை கொடுத்துப் பாருங்கள், சராசரி எடுக்கிற கோடாக இருந்தால் சுழியத்தால் வகுத்து விழுவது அங்கேதான்.

பேப்பரில் வந்தது ஒன்று, கம்ப்யூட்டர் சொல்வது வேறு என்றால், உள்ளே இருக்கிற குட்டி ஃபங்ஷனின் உள்ளீட்டு வரிசையைப் பாருங்கள். ஹாஸ்கெல்லின் ஃபோல்ட்எல், ஓகாமலின் ஃபோல்ட்-லெஃப்ட், ஜாவாஸ்கிரிப்ட்டின் ரெடியூஸ் மூன்றிலும் சேர்ந்தது முதலில், புதிது பிறகு. ஹாஸ்கெல்லின் ஃபோல்ட்ஆர், எலிக்ஸிரின் ரெடியூஸ் இரண்டிலும் புதிது முதலில், சேர்ந்தது பிறகு. கூட்டலில் இது தெரியாது, கழித்தலிலும் லிஸ்ட் கட்டுவதிலும் பல்லைக் காட்டும்.

தன்னையே கூப்பிடுகிற வகை என்றால் முதலில் நிற்கிற இடத்தைப் படியுங்கள், அதாவது வெறும் லிஸ்ட், சுழியம் போன்ற கிளையை. ஓடுகிற கிளையைப் பிறகு பார்க்கலாம்.

சின்ன தரவில் சரியாக வந்து, நிஜத் தரவில் மெமரி ஏறிக்கொண்டே போகிறதா? ஹாஸ்கெல்லில் ஃபோல்ட்எல்லுக்கு வால் மேற்கோள் போட்ட தம்பி ஒருவன் இருக்கிறான், அதை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் படிக்கிற பிரச்சினை முடிந்துவிட்டது, அது ஆளைக் கூப்பிடுகிற பிரச்சினை.

## அறிகுறி: எல்லாச் சரக்கும் ஒரே கிளையில் விழுகிறது

இப்படி வந்தால் இது, அப்படி வந்தால் அது என்று எழுதுகிற கிளைகள் மேலிருந்து கீழே பார்க்கப்படும், முதலில் பொருந்துவதே வெல்லும். ஆலையில் குலை தரம் பிரிக்கிறவர் முதல் கூடையிலேயே "எதுவானாலும்" என்று அட்டை ஒட்டினால் மற்றக் கூடைகளுக்கு வேலை இருக்காதே. கீழ்க்கோடு மட்டும் போட்ட கிளை நடுவிலோ மேலேயோ இருந்தால் அதுதான் குற்றவாளி.

கீழ்க்கோடு இல்லையா? ஏற்கெனவே இருக்கிற பெயர் ஒன்றைக் கிளையில் போட்டிருக்கிறார்களா பாருங்கள். படிக்கும்போது ஒப்பிடுவதுபோலத் தெரியும், ஆனால் ஒப்பிடாது, அந்தப் பெயரில் புதிதாக ஒன்றைக் கட்டி எதையும் உள்ளே விட்டுவிடும். எலிக்ஸிரில் ஒப்பிட வேண்டும் என்றால் முன்னால் ^ இருக்க வேண்டும். ஹாஸ்கெல்லில் எல்லா எச்சரிக்கையையும் திறந்துவிட்டுக் கம்பைல் செய்தால் அதுவே காட்டிக்கொடுக்கும்.

## அறிகுறி: டூ போட்ட கோடு சாதாரணமாகத்தான் இருக்கிறது, ஆனால் பாதியில் நிற்கிறது

ஹாஸ்கெல்லில் டூ என்ற சொல்லுக்குக் கீழே இருப்பதை வரிவரியாகப் படிக்கலாம். அது எந்த வகை டூ என்று மட்டும் முதலில் தெரிய வேண்டும், அதற்கு ஃபங்ஷனின் டைப் வரியைப் பாருங்கள். மேபி (விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம்) என்றால் எந்த வரியிலாவது நத்திங் (விடை இல்லை) வந்தால் அத்தோடு எல்லாம் சரி, மிச்சம் ஓடாது. லிஸ்ட் என்றால் அது லூப்புக்குள் லூப், மேல் வரியில் மூன்று, கீழ் வரியில் நாலு என்றால் பன்னிரண்டு விடை வரும். ஐஓ (வெளியிலிருந்து படிப்பது, அச்சிடுவது போன்ற வேலை) என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரியேதான் ஓடும்.

ரிட்டர்ன் பார்த்து ஏமாறாதீர்கள். ஹாஸ்கெல்லில் ரிட்டர்ன் வெளியே போகாது, ஒரு விடையை உறையில் போடும், அவ்வளவுதான். அதற்குக் கீழே வரி இருந்தால் அதுவும் ஓடும். நானே ஆரம்பத்தில் இதில் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன், அம்மா மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டது காதில் விழவில்லை.

இந்த டூ வகைகளுக்கெல்லாம் பொதுப்பெயரான மோனாட் என்ற சொல் வந்ததும் வீடியோ தேடப் போகாதீர்கள். இன்றைக்கு இந்த வரி என்ன செய்கிறது என்று தெரிந்தால் போதும்.

## அறிகுறி: நடுவில் அச்சிட்டுப் பார்க்கிறேன், வரவில்லை, அல்லது தலைகீழாக வருகிறது

விடையை யாரும் கேட்கவில்லை என்றால் அந்த வேலையே நடக்காது, சில மொழிகளில் சில இடங்களில் அப்படி. க்ளோஜரில் மேப்புக்குள் அச்சிடச் சொன்னால் கட்டளைத் திரையில் வேலை செய்யும், புரோகிராமாக ஓட்டினால் மௌனம். திரையில் விடையைக் காட்ட வேண்டியிருந்ததால் அங்கே ஓடியது. மேப்வி போட்டுப் பாருங்கள். எலிக்ஸிரில் ஸ்ட்ரீம் (Stream) என்ற மாட்யூல் பெயரோடு ஆரம்பித்தால் இதே கதை, ஈனம் (Enum) என்றால் உடனே ஓடும். எலிக்ஸிரில் குழாயின் வாலில் டிபிஜி சேர்த்தால் ஒவ்வொரு படியின் விடையும் வரும், 1.14 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஹாஸ்கெல்லில் டிபக் ட்ரேஸ் உண்டு, ஆனால் அது காட்டுகிற வரிசையை வைத்து முடிவுக்கு வராதீர்கள், எது எப்போது கேட்கப்பட்டது என்பதைத்தான் அது சொல்கிறது.

## அறிகுறி: பிழைச் செய்தி ஒரு முழம்

முதல் பிழையை மட்டும் படியுங்கள். அதில் எதிர்பார்த்த டைப், கிடைத்த டைப் என்ற இரண்டு வரிதான் விஷயம். ஹாஸ்கெல் என்றால் சந்தேகமான இடத்தை அழித்து ஒரு கீழ்க்கோடு வைத்துக் கம்பைல் செய்யுங்கள், அங்கே என்ன டைப் வர வேண்டும் என்று அதுவே சொல்லும்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

ரெண்டு தே தாரேக் குடிக்கிற நேரம், அதாவது ஒரு மணி நேரத்துக்குக் கிட்ட. அதற்குள் மேலே சொன்னது எதுவும் அசைக்கவில்லை என்றால் எழுந்துவிடுங்கள். மேக்ரோ அல்லது டெம்ப்ளேட் ஹாஸ்கெல் என்றால் அந்த ஒரு மணி நேரம்கூட வேண்டாம், கண்முன் இருக்கிற கோடு ஓடுகிற கோடே இல்லை. டைப் வரியே பத்து வரி நீளம் என்றாலும் அப்படித்தான். வாடிக்கையாளர் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிற சிஸ்டத்தில் மெமரி ஏறினால் உடனே, நிமிடக் கணக்கே பார்க்காமல்.

முதலில் எழுதினவரைத் தேடுங்கள். கிட்டில் (கோடில் யார் எதை மாற்றினார் என்று பதிந்துவைக்கிற கருவியில்) அந்த வரியை யார், எந்தக் குறிப்போடு சேர்த்தார் என்று பார்த்தால் சில சமயம் குறிப்பிலேயே விடை இருக்கும். அவர் வேலையை விட்டுப் போயிருந்தால் உங்கள் சீனியர். அவரும் கையை விரித்தால்தான் வெளியாள், அதுவும் முதலாளி காசு கொடுக்கச் சம்மதித்த பிறகு.

யாரிடம் போனாலும் கையில் மூன்று கொண்டுபோங்கள்: அந்த வரியின் டைப், மூன்று உருப்படி உள்ள சின்ன உள்ளீடு, நீங்கள் பேப்பரில் போட்ட விடையும் கம்ப்யூட்டர் சொன்ன விடையும் பக்கத்தில் பக்கத்தில். போன மாதம் ஒரு தம்பி இதையெல்லாம் அழகாக எழுதிக்கொண்டு வந்தான். பேப்பரை என்னிடம் நீட்டும்போதே நின்றுவிட்டான். "அண்ணே, புள்ளிதான் போட்டிருக்காங்க, நான் குழாய்னு நெனச்சு படிச்சிட்டேன்" என்று அவனே சொல்லி, லேப்டாப்பைத் திறக்காமலே வீட்டுக்குக் கிளம்பினான். அவன் தே தாரேக்கை நான் குடித்தேன்.